எரித்தவர் எழுதிய ஏடு

ஒரு நூலை மதிப்பிடப் புகுவோர் அதனை ஆக்கியவரின் ஒழுக்கத்தையும் உடன்வைத்து எண்ண வேண்டுமா என்பது இலக்கிய உலகில் நெடுநாளைய வழக்கு. நூல் வேறு, மனிதன் வேறு என்பாரும் உளர். இரண்டையும் பிரித்தல் இயலாது என்பாரும் உளர். இவ்விரு கட்சியாரையும் ஒருங்கே திணறவைக்கும் நூல் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவியாகிய தியேகோ தெ லாந்தா என்பார் 1566-ஆம் ஆண்டளவில் எழுதிய ‘யூகாத்தான் செய்திகளின் விவரம்’ என்பதே அந்நூல். நடு அமெரிக்காவின் மாயர்களைப் பற்றி ஆராயப் புகுவோர் எவரும் இதனைப் புறக்கணித்து ஓரடியும் எடுத்துவைத்தல் இயலாது. ஆயினும், அம்மாயர்களின் ஏடுகளைத் தீயிலிட்டவரும் இந்நூலாசிரியரே.

நடந்ததை முதலில் கூறுவோம். 1524-இல் பிறந்த லாந்தா, 1549-இல் யூகாத்தான் சேர்ந்து, மாய மொழியை நன்கு கற்று, அங்கே தம் சபைக்குத் தலைவராக உயர்ந்தவர். ஞானஸ்நானம் பெற்ற மாயர்கள் மறைவில் பழைய தெய்வ உருவங்களை வணங்கி வருகின்றனர் என்ற செய்தி 1562-இல் அவருக்கு எட்டியது. உடனே விசாரணை தொடங்கிற்று. பிடிபட்டோரைக் கைகளைக் கட்டித் தொங்கவிட்டுக் கசையால் அடித்து வாக்குமூலம் வாங்கினர். இக்கொடுமையில் 158 பேர் மாண்டதாகப் பின்னர் நடந்த அரசாங்க விசாரணையே கண்டது. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் மானி என்னும் ஊரில் பெருந்தீ மூட்டப்பெற்றது. தெய்வ உருவங்களோடு, அத்தி இனத்து மரப்பட்டையைத் தாளாக்கிச் சுண்ணம் பூசி, விசிறிபோல் மடித்து, வண்ணத்தால் எழுதப்பெற்ற ஏடுகளும் அத்தீயில் வெந்தன.

லாந்தா இதனைத் தம் நூலில் மறைக்கவில்லை. ஏடுகள் பல அகப்பட்டன என்றும், அவற்றில் பேயின் பொய்களே கண்டமையால் எல்லாவற்றையும் எரித்ததாகவும், அதனால் மக்கள் பெரிதும் வருந்தினர் என்றும் இரண்டொரு வரிகளில் சொல்லிவிட்டு வேறு விஷயத்திற்குச் செல்கிறார். அவ்வருத்தத்தை அவர் கண்டார். அது ஏன் உண்டாயிற்று என்று வினவவில்லை. நூல் நெடுகிலும் உள்ள குறை இதுவே. கண்ணுக்குப் புலப்பட்டதை நுட்பமாகக் குறிக்கும் ஆசிரியர், அதனைச் செய்த மனிதரின் நெஞ்சத்தை நோக்க வேண்டிய இடத்தில் திரும்பிக்கொள்கிறார். இதற்குக் காரணமும் உண்டு. புதிதாக வந்த ஆயராகிய பிரான்சிஸ்கோ தெ தொரால் இவ்விசாரணையை நிறுத்திவிடவே, லாந்தா 1563-இல் ஸ்பெயின் சென்று தம் செயலுக்கு விடையளிக்க வேண்டியவரானார். அந்நிலையில் இருந்தபோது எழுந்த நூல் இது. பலியிடுதல் முதலியவற்றை அவர் விரிக்கும் பக்கங்களைப் படிப்போர், தம் வழக்கிற்குத் தாமே சாட்சி தேடும் ஒருவரின் குரலும் அங்கே கலந்திருப்பதை மறத்தலாகாது.

இனி, நூலின் சிறப்பைக் கூறாது விடுதல் நேர்மையன்று. மாயர்களின் வீடு, உணவு, உழவு, தேனீ வளர்ப்பு, திருமணம், புத்தாண்டுச் சடங்கு ஆகியவற்றை இவரைப்போல் வகைப்படுத்தி உரைத்தவர் அக்காலத்தில் வேறிலர். இருபது நாட்கள் கொண்ட மாதங்கள் பதினெட்டும், மிச்சம் ஐந்து நாட்களும் கூடிய அவர்தம் ஆண்டுக் கணக்கை, நாட்களுக்கும் மாதங்களுக்கும் உரிய குறிகளின் படங்களோடு தந்துள்ளார். இவற்றினும் மேலாக நாம் போற்ற வேண்டுவது ஒன்றுண்டு. யூகாத்தானின் பெருங் கற்கட்டடங்களை வேறெந்த இனத்தாரும் வந்து கட்டவில்லை, இம்மக்களின் முன்னோரே கட்டினர் என்று அவர் தெளிவாக முடிவு கூறினார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவில் சிலர் அக்கட்டடங்களை எகிப்தியருக்கும் இஸ்ரவேலருக்கும் உரிமையாக்கினர். லாந்தாவின் நூலை மாட்ரிட் நகரில் கண்டெடுத்து 1864-இல் பாரிசில் பிரசுரித்த பிராசர் தெ பூர்பூர் பாதிரியாரோ, கடலுள் மூழ்கியதாகக் கதையில் வரும் அட்லாந்திஸ் தீவை நம்பலானார். நம்மவருள்ளும், மாயர் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் புராணத்து மயன் என்னும் தச்சனை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போர் இருக்கின்றனர். பெயரொலியன்றி வேறு சான்று இதற்கில்லை. பிறர் முன்னோரின் உழைப்பை நம் பெருமைக்கு எடுத்துக்கொள்ளுதல் தமிழுக்குத் தொண்டாகாது.

நூலின் உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். மாய எழுத்தும் ஐரோப்பிய எழுத்துப்போலவே ஓரொலிக்கு ஓரெழுத்தாக அமைந்தது என எண்ணிய லாந்தா, எழுத்தறிந்த மாயர் ஒருவரை அமர்த்தி, ஸ்பானிய எழுத்துக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி அவற்றிற்கு நேரானவற்றை எழுதச் செய்தார். ‘பே’ என்று அவர் சொன்னபோது, எழுதுபவர் பாதையில் பதிந்த காலடியின் குறியை வரைந்தார். மாய மொழியில் ‘பே’ என்றால் பாதை. கண்ணி என்னும் பொருளுள்ள ‘லே’ என்ற சொல்லை எழுதச் சொல்லி, அதன் எழுத்துக்களின் பெயர்களையும் சொல்லையும் அடுத்தடுத்து உச்சரித்தபோது, காதில் விழுந்த அவ்வளவையும் அவர் எழுதிவிட்டார். இறுதியில் ஒரு சொற்றொடர் எழுதும்படி கேட்க, ‘எனக்கு விருப்பமில்லை’ என்று பொருள்படும் தொடரை எழுதிக் கொடுத்தார். இவ்வளவையும் லாந்தா உள்ளவாறே பதிந்து, இவ்வெழுத்துக்கள் பெருஞ் சுமையானவை என்று சலித்துக்கொண்டு மேலே சென்றார்.

இங்கே நிகழ்ந்த பிழையைத் தமிழ் படித்த சிறுவனும் உணர்வான். தனி மெய்யைக் கேட்டவருக்கு, உயிர்மெய்யே எழுதத் தெரிந்தவர் உயிர்மெய்யை எழுதிக் காட்டினார். இதனை அறியாத பிராசர், அக்குறிகளைத் தனி எழுத்துக்களாகக் கொண்டு பழைய ஏட்டைப் படிக்கப் புகுந்து பொருந்தாக் கதைகளைக் கண்டார். அதன்பின் பலர், லாந்தாவின் நெடுங்கணக்கே பொய் என்று தள்ளினர். 1952-இல், லெனின்கிராட் அறிஞர் யூரி குனோரசோவ் அக்குறிகளை அசைகளாகக் கொண்டு படிக்கலாம் என்று காட்டினார். மாயவியலின் முதல்வராக மதிக்கப்பெற்ற எரிக் தாம்சன் 1975-இல் இறக்கும்வரை இதனை ஒப்பவில்லை. எனினும் உண்மை வென்றது. 1960-இல் தாத்தியானா புரோஸ்குரியாக்கோவ் என்னும் அம்மையார், கல்வெட்டுகள் கூறுவது அரசர்களின் பிறப்பும் முடிசூட்டும் போருமே என்று நிறுவினார். பின்வந்தோர் இரு வழிகளையும் இணைத்தனர். 615 முதல் 683 வரை பலேங்கே நகரை ஆண்ட அரசர் பெயரைக் கேடயத்தின் படமாகவும், ‘பா, கா, லா’ என்ற மூன்று அசைகளாகவும் எழுதியிருப்பதைக் கண்டு, ஈற்றுயிரை நீக்கிப் ‘பாகால்’ என்று படித்தனர். கேடயம் என்பதே அதன் பொருள்.

ஆகவே, லாந்தா தாம் எரித்ததற்கு ஈடு செய்துவிட்டார் என்று கூறுவோர் உளர். இக்கூற்றை நாம் ஏற்கவில்லை. எரியுண்டு போகாமல் இன்று எஞ்சியிருக்கும் மாய ஏடுகள் நான்கே. அவற்றுள் திரெஸ்தென் நகரத்து ஏடு ஒன்றிலேயே வெள்ளிக்கோளின் 584 நாட் சுழற்சிக் கணக்கும், கிரகணங்களை முன்னறியும் கணக்கும் காணப்படுகின்றன. இவ்வளவைத் தாங்கிய ஏடுகள் எத்தனை அழிந்தன என்று நினைக்குங்கால், ஏறத்தாழ முப்பது குறிகளை எழுதிவைத்தமை எவ்வாறு ஈடாகும்? அக்குறிகளை அளித்தவரும் லாந்தா அல்லர். நூலில் பயன்படுவன பெரும்பாலும் மாயர் வாய்ச் சொற்களே. கோகோம் குலத்துத் தலைவர் நாச்சி கோகோம் தம் பாட்டனாரின் ஏடொன்றைத் தம்மிடம் காட்டியதாக லாந்தாவே எழுதுகிறார். குலத்தின் பழஞ்செல்வத்தை ஒருவர் நம்பி விரித்துக் காட்ட, அதனைக் கண்டு வியந்த கண்களே பின்னர் மானித் தீயையும் பார்த்து நின்றன. இதனை ஒரு முரண்பாடாகக்கூட ஆசிரியர் உணராதது, நூலின் மிகப் பெருங் குறை.

மாயர் மறைந்துபோன இனத்தார் என்று எழுதுவது இன்றும் பலர்க்கு வழக்கமாக உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் தென்சமவெளி நகரங்கள் பல கைவிடப்பட்டது உண்மை. மக்கள் மறையவில்லை. அவர்தம் கடைசித் தனியரசாகிய நோஹ்பெத்தேன் 1697-வரை ஸ்பானியருக்கு அடங்காது நின்றது. இன்றும் ஏறத்தாழ முப்பது மாய மொழிகளை அறுபது லட்சத்திற்கு மேற்பட்டோர் பேசுகின்றனர். 1960 முதல் 1996 வரை குவாத்தமாலாவில் நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டோருள் பெரும்பகுதியினர் மாயர்களே. மறைந்தவர்கள் என்று ஒரு மக்களைக் கூறிவிட்டால், அவர்களுக்கு இழைக்கப்படும் தீங்கைக் கேட்பாரும் இல்லாமற் போவர்.

லாந்தா பின்னர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பெற்று, 1573-இல் ஆயராகவே யூகாத்தான் திரும்பி, 1579-இல் காலமானார். அவர் நூலைப் படிக்க வேண்டா என்று நாம் கூறவில்லை. ஏடுகளை விலக்கும் வழக்கம் அவரோடு ஒழியட்டும். படிப்போர் அவர் சொல்லும் தீர்ப்புகளைத் தள்ளி, அவருக்குச் சொல்லித் தந்தவர்களின் குரலைத் தேடிப் படித்தல் வேண்டும். அண்மைப் பத்தாண்டுகளில் மாய ஆசிரியர்களும் மாணவர்களும் தம் முன்னோரின் எழுத்தை மீண்டும் பயின்று, புதிய கற்களில் பொறித்தும் வருகின்றனர். பெயர் தெரியாத ஓர் எழுத்தர் விருப்பமின்றி எழுதிக் கொடுத்த அக்குறிகள், தமக்குரியவர்களின் கைக்கே திரும்பி வந்துவிட்டன.