பிறபொருளெதிரி பகரும் சான்று

உடலினுட் புகுந்த அயற்பொருளை எதிர்த்துக் குருதியிலே தோன்றும் புரதமே பிறபொருளெதிரி. அது வந்த பகையின் சுவடு. சுவடு கண்டு பகையைத் துணிதல் மருத்துவ நூலார் வழக்கு. அவ்வழக்கு எத்துணை நம்பத்தக்கது என்பதற்கு, எலிகளின் வெண்குருதிப் புற்றுநோய் வைரசோடு உறவுடைய எக்ஸ்.எம்.ஆர்.வீ. என்னும் வைரசின் வரலாறு தக்க உரைகல்லாகும்.

2006 இல் அமெரிக்காவிலே, மனிதரின் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றில் இவ்வைரசு காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2009 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரை, நாட்பட்ட களைப்பு நோயாளர் 101 பேருள் 68 பேரிடத்தும், நலமுடையார் 218 பேருள் 8 பேரிடத்தும் அதன் பரம்பரையலகுத் தடயம் உண்டென்றது. நோயாளர் 18 பேரின் குருதிநீரைச் சோதித்து, 9 பேரிடம் பிறபொருளெதிரி உண்டெனவும் கூறிற்று. ஆயின் அச்சோதனையிற் பயன்பட்டது இவ்வைரசின் உறையன்று. இதன் இனமான வேறோர் எலி வைரசின் உறைப்புரதமே.

பின்னர் றீசசுக் குரங்குகளின் நாளத்தில் இவ்வைரசைச் செலுத்தி ஆராய்ந்தனர். முடிபுகள் 2010 இலும் 2011 இலும் வெளிவந்தன. குருதியில் வைரசு சிறிதளவே தோன்றி விரைவில் மறைந்தது. பிறபொருளெதிரிகளோ தெளிவாய் எழுந்தன. செலுத்திய பொருளும் நாளும் ஐயமின்றி அறியப்பட்டமையே இவ்வாய்வின் வலிமை. நோயாளர் ஆய்வுக்கு அவ்வலிமை இல்லை.

குற்றம் யாண்டுளது? புகையுள்ளவிடத்து நெருப்புண்டென்பது செம்மையான கருதலளவை. நெருப்புள்ளவிடமெல்லாம் புகையுண்டென்பதோ வழு; பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. அவ்வாறே, வைரசு பற்றிய குரங்கிற் பிறபொருளெதிரி தோன்றிற்று என்பது மெய். பிறபொருளெதிரி கண்டவிடமெல்லாம் அவ்வைரசு உண்டென்பது மெய்யன்று. ஒத்த உருவுடைய பிறிதொரு பொருளும் அதனைத் தோற்றுவித்தல் கூடும்.

வைரசின் பிறப்பு 2011 இல் வெளிப்பட்டது. ஆய்வுகூடத்திலே மனிதப் புற்றுத் துண்டை எலிகளிற் பதித்து வளர்த்தபோது, எலியின் பரம்பரையலகுகளுள் உறைந்திருந்த இரு வைரசுக் கூறுகள் கலந்து அஃது உருவாயிற்று. அவ்வாண்டிறுதியில் ‘சயன்ஸ்’ தன் கட்டுரையை மீளப்பெற்றது. 2012 இல் நோயாளர் 147 பேரும் நலமுடையார் 146 பேரும் மீண்டும் ஆராயப்பட்டனர். வைரசு ஒருவரிடத்தும் இல்லை. பிறபொருளெதிரிச் சோதனைக்கு இசைந்தோர் இருதிறத்தும் ஒன்பதின்மர். நோயாளரையும் நலமுடையாரையும் ஒருங்கே சுட்டும் சான்று நோய்க்குச் சான்றாமாறு எங்ஙனம்?

இது வெறுஞ் சொற்போரன்று. அம்முதற் கட்டுரையை நம்பி, எயிட்சு நோய்க்குரிய கடுமருந்துகளை உண்ட நோயாளரும் உளர். அவர்தம் நோய் மெய். காட்டப்பட்ட காரணமே பொய். எனினும், வைரசு உண்டென்று முன்னர் உரைத்தோரும் 2012 ஆம் ஆண்டாய்விற் பங்குகொண்டு அதன் முடிபை ஏற்றமை போற்றற்குரியது. விஞ்ஞானத்தின் பெருமை பிழையாமையில் அன்று, பிழையைத் தானே தேடிக் களைதலில் உள்ளது.