சூலைப் பாட்டும் வாதப் பாட்டும்

இன்பத்தைப் பாடிய புலவர்கள் நம்மிடையே மிகப் பலர். பிரிவுத் துன்பத்தைப் பாடியோர் அவரினும் பலர். ஆனால், தம் உடலில் தாம் பட்ட நோவையே பொருளாகக் கொண்டு பாடியவர் மிகச் சிலர். அச்சிலருள் இருவரை ஈண்டு ஒருங்கு வைத்துக் காண விழைகின்றோம். ஒருவர், ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர். சூலை நோயால் துடித்து அவர் பாடிய பதிகமே நான்காம் திருமுறையின் முதற் பதிகமாக நிற்கிறது. மற்றொருவர், பதினாறாம் நூற்றாண்டில் குருவாயூரில் வாத நோயோடு அமர்ந்து நாராயணீயம் இயற்றிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரி.

பின்னது வடமொழி நூல். எனினும் தமிழர் இல்லங்களுக்கு அது அயலானதன்று. சேங்காலிபுரம் அனந்தராம தீட்சிதரின் சொற்பொழிவுகளால் தமிழகமெங்கும் பரவிய அந்நூல், தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய வடபுல நகரங்களுக்கும் உடன் வந்தது. குழுவாகக் கூடி ஒரே நாளில் நூல் முழுவதையும் படித்து முடிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அக்கூட்டங்களில் முழங்கால் மடக்க இயலாத மூத்தோர் பின்வரிசை நாற்காலிகளில் அமர்ந்து படிப்பதை நாம் காண்கிறோம். அவர்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

இவ்விரு நூல்களையும் நாம் பெரும்பாலும் நோய் தீர்ந்த கதைகளாகவே அறிந்திருக்கிறோம். முதலாவதன் கதையைச் சொல்பவர் சேக்கிழார். தருமசேனர் என்னும் பெயரோடு சமணப் பள்ளியில் இருந்த நாவுக்கரசருக்குக் கொடிய வயிற்று நோய் கண்டது, சமணர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை, தமக்கையார் திலகவதியாரை நாடி அவர் இரவில் திருவதிகைக்கு வந்தார், திருநீறு பெற்றுப் பதிகம் பாடினார், நோய் நீங்கிற்று. நாராயணீயத்தின் கதை செவிவழி வந்தது. தம் ஆசிரியர் அச்சுத பிஷாரடியின் வாத நோயைப் பட்டதிரி தாமே ஏற்றார் என்றும், எழுத்தச்சன் 'மீன் தொட்டு உண்க' என்று சொல்லியனுப்ப, அதனை மச்சாவதாரம் தொட்டுப் பாடுக எனப் பொருள் கொண்டார் என்றும், நூறு நாளில் நூலை முடித்து நலம் பெற்றார் என்றும் கூறுவர்.

இரு கதைகளும் நோய்க்கு ஒரு காரணத்தையும் ஒரு முடிவையும் தருகின்றன. கேட்பவர் மனம் நிறைகிறது. ஆனால் கதையை ஒதுக்கிவிட்டு நூலுக்குள் புகுவோமாயின் நாம் காண்பது வேறு.

நாவுக்கரசரின் பதிகத்தை எடுத்துக்கொள்வோம். தாம் செய்த குற்றம் இன்னதெனத் தமக்குத் தெரியவில்லை என்றே அவர் தொடங்குகிறார். காரணத்தை உரைத்தவர் ஐந்து நூற்றாண்டு கழித்து வந்த சேக்கிழாரேயன்றி, நோயுற்றவர் அல்லர். பதிகத்தில் குடல் முறுக்கப்படுகிறது. பாடுவோர் தம்மால் பொறுக்க இயலவில்லை என்கிறார். பத்தாம் பாடலுக்கு வந்தும் வியர்த்து, புரண்டு, விழுந்து, எழுந்து, வேதனையை விலக்குமாறு வேண்டிக்கொண்டே நிற்கிறார். நோய் தீர்ந்தது என்னும் சொல் பதிகத்தில் இல்லை. முதலடி தொட்டு ஈற்றடி வரை அது வலிக்குள் நின்று எழுந்த குரலே.

இனி நாராயணீயம். ஏறக்குறைய 18000 சுலோகங்கள் கொண்டதெனப்படும் பாகவதத்தை, 100 தசகங்களில் 1000க்குச் சற்று மேற்பட்ட சுலோகங்களாகச் சுருக்கித் தரும் நூல் அது. மீன் தொட்டுத் தொடங்கியதாகக் கதை சொல்லினும், நூல் பரம்பொருளின் இயல்பைக் கூறியே தொடங்குகிறது. மச்சாவதாரம் 32ஆம் தசகத்தில்தான் வருகிறது. கதை வேறு, நூல் வேறு என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இந்நூலின் அமைப்பில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. பெரும்பாலான தசகங்கள் குருவாயூரப்பனை விளித்து, தம் நோயை நீக்குமாறும் தம்மைக் காக்குமாறும் வேண்டும் இறுதியடிகளோடு முடிகின்றன. படைப்பு, பிரகலாதன், கசேந்திரன், கண்ணனின் பிள்ளை விளையாட்டு என்று பொருள் எதுவாயினும் ஆகுக. அன்றைய பாட்டு முடியும் இடத்தில் நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. நேற்று வேண்டியது இன்று கிட்டவில்லை, ஆகவே இன்றும் வேண்டப்படுகிறது, நாளையும் வேண்டப்படும். இதனைக் கூறியது கூறல் என்று குற்றம் சாட்டுவாரும் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. மூட்டு நோயின் இயல்பே கூறியது கூறல்தான். நேற்றுத் தைலம் தடவி நீட்டிய முழங்கால் இன்று காலை மீண்டும் இறுகிக் கிடக்கும். அந்த மெய்ம்மையை நூலின் உறுப்பாகவே ஆக்கிவிட்டார் பட்டதிரி.

சூலைப் பாட்டுக்கும் வாதப் பாட்டுக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலனாகும். சூலை, வந்த கணத்தில் மனிதனை முற்றும் ஆட்கொள்வது. ஆதலால் அப்பதிகத்தில் வலியைத் தவிர வேறொன்றுக்கும் மிகுதியாக இடமில்லை. வாதமோ உடனுறைவது. அதனோடு உண்ணவும் உறங்கவும் தொழில் செய்யவும் வேண்டும். ஆதலால் பட்டதிரி அதற்குத் தசகத்தின் கடைசி அடிகளை மட்டும் ஒதுக்கினார். வலியை மறைக்கவுமில்லை, நூல் முழுவதையும் அதற்குத் தாரை வார்க்கவுமில்லை. இவ்வளவு என்று அளந்து கொடுத்தார். ஏனைய இடமெல்லாம் பணிக்கு. நெடுநோயாளர் ஒவ்வொருவரும் தம் நாளில் செய்ய முயல்வதும் இதுவேயன்றோ?

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நூறாம் தசகத்தில் பட்டதிரி இறைவனைக் கேசாதி பாதமாகக் கண்முன் கண்டு பாடுகிறாரே, அது நலம் பெற்றதற்கு அடையாளமன்றோ என வினவலாம். காட்சி கிட்டியது உண்மை. நூலின் உச்சமும் அதுவே. ஆயினும் அக்காட்சியைப் பாடி முடிக்கும் இடத்திலும், எஞ்சாமல் எல்லாத் துயரையும் போக்குக என்றே அவர் வேண்டுகிறார். நூலின் கடைசிச் சொற்றொடர் ஆயுளும் ஆரோக்கியமும் சுகமும் அருளப்பட வேண்டுமென்னும் விழைவு. அதனைக் கடபயாதி முறையில் எண்ணாக்கினால் 1712210 என்னும் கலி நாள் கிடைக்கும், அது கி.பி. 1586ஆம் ஆண்டைக் குறிப்பது. முடித்த நாளைத் துல்லியமாகப் பொறித்த புலவர், 'நோய் நீங்கினேன்' என்று பொறிக்கவில்லை. நாவுக்கரசரைப் போலவே அவரும் வேண்டுதலோடுதான் நம்மிடம் விடைபெறுகிறார்.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. முடக்குவாதம் என்பது உடலின் காப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது; மூட்டுத் தேய்மானம் குருத்தெலும்பு நைவதால் வருவது. முன்னதை இன்று வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளால் பெரிதும் அடக்கி வைக்க இயலும். பின்னதற்குப் பயிற்சியும் எடைக் குறைப்பும் உதவும். மிக முற்றினால் மூட்டு மாற்று அறுவையும் உண்டு. ஆயினும் இரண்டையும் வேரோடு களையும் மருந்து இதுகாறும் இல்லை. இந்நிலையில், 'படியுங்கள், தீரும்' என்று மட்டும் நாம் சொல்லிக்கொண்டிருந்தால், படித்தும் தீராதவர் என்ன நினைப்பார்? தம் பக்தியில் குறை என்றோ, முன்வினை என்றோ தம்மையே நொந்துகொள்வார். மூட்டு வலியோடு மனவலியும் சேரும். நோயாளரின் குரலாய் எழுந்த நூலை நோயாளரைக் குறைகாணும் நூலாக மாற்றும் பிழை அது. கதையை மட்டும் கேட்பதால் நேரும் தீங்கும் இதுவே.

நூலைப் படிப்பவருக்கோ வேறொரு துணை கிட்டுகிறது. தமக்கு முன்னே ஒருவர் இவ்வாறே நாள்தோறும் வேண்டினார், வேண்டியது கிட்டாத நாளிலும் பத்துச் சுலோகம் செய்தார் என்னும் துணை அது. அதனை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. மருந்தோடு சேர்த்துக் கொள்ளலாம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளர், மருத்துவர், மருந்து என்பவற்றோடு உழைச்செல்வானையும், அதாவது அருகிருந்து உதவுவோரையும், ஒரு கூறாக எண்ணுகிறார். சேக்கிழாரின் கதையிலும் அத்தகையோர் உளர். சூலையுற்றவரின் செய்தியைத் தமக்கையாரிடம் கொண்டுசென்றவன் அவருக்கு உணவு சமைப்பவன். இரவில் வந்த தம்பியை ஏற்றுத் திருநீறு அளித்தவர் திலகவதியார். அற்புதத்தையே நோக்கும் நம் கண்ணுக்கு இவர்கள் எளிதில் தென்படுவதில்லை.

உற்றார் உறவினரை ஊரில் விட்டு வந்த நம் குடும்பங்களில் இந்நான்காம் கூறே அரிதாகி வருகிறது. மகனும் மருமகளும் பணிக்குச் சென்றபின், மூன்றாம் மாடி வீட்டில் ஒரு போத்தலின் மூடியைத் திறக்க மாட்டாமல் மாலை வரை காத்திருக்கும் தாய்மார் நம்மிடையே உளர். அவர்களிடம் நோய் தீர்ந்த கதையைச் சொல்வதினும், காலையில் புறப்படுமுன் அம்மூடியைத் தளர்த்தி வைத்துச் செல்வது நன்று. மாலையில் அருகமர்ந்து ஒரு தசகமோ ஒரு பதிகமோ உடன் படிப்பது அதனினும் நன்று. ஈற்றடியில் வரும் வேண்டுதலை அவர்கள் தம் குரலாகவே சொல்லட்டும். நாமும் உடன் சொல்வோமாக.