ஆறாண்டு எல்லையும் கரிசல் நிலத்து மாணாக்கரும்

திருமறைப் பகுதியொன்றை விளக்க முற்படும்போது, அது யாரால், யாருக்கு, எச்சூழலில் எழுதப்பட்டது என்னும் வினாக்களை முதலில் எழுப்புமாறு நாம் நம் மாணாக்கருக்குக் கற்பிக்கிறோம். சொல்லப்பட்டதை மட்டுமன்றிச் சொல்லாமல் விடப்பட்டதையும் கவனிக்கச் சொல்கிறோம். இம்முறை திருமறைக்கு மட்டும் உரியதன்று. மக்கள் வாழ்வை ஒழுங்குபடுத்தும் எந்த எழுத்தையும் இவ்வாறு வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியிட்ட முனைவர்பட்ட ஒழுங்குமுறை அத்தகைய ஓர் எழுத்து. முதுகலை முடித்தபின் ஆய்வில் சேர விரும்பும் ஒருவர் எத்தகுதியுடன் சேரலாம், எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பவற்றை அது வரையறுக்கிறது. குருத்துவப் பணியில் இருந்துகொண்டே ஆய்வுப்பட்டம் பெற விழைவோர் நம்மிடையே உளர். நம் சபைகளிலுள்ள பள்ளியாசிரியர்களும் இளம்பெண்களும் இவ்வழியை நாடுகின்றனர். ஆகவே இவ்விதிகள் நமக்கு அயலானவை அல்ல. கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தையும் மனத்திற்கொண்டு அவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. விதிகள் கூறுவன

முதுகலைப் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றோர் ஆய்வில் சேரத் தகுதியுடையர். பட்டியல் இனத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. சேர்ந்த நாளிலிருந்து, பாடப்பயிற்சி உட்பட, குறைந்தது மூன்றாண்டு பயில வேண்டும். மிகுதியாக ஆறாண்டுக்குள் ஆய்வேட்டை அளித்தல் வேண்டும். மறுபதிவின் வாயிலாக மேலும் இரண்டாண்டு வழங்கப்படலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டிற்கு மேல் உடற்குறை உடையோர்க்கும் இன்னும் இரண்டாண்டு கூட்டி, மொத்தம் பத்தாண்டைத் தாண்டாதவாறு இசைவு தரலாம். பாடப்பயிற்சி 12 மதிப்பலகிற்குக் குறையலாகாது. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் தம் ஆலோசனைக் குழுவின்முன் வந்து பணியின் வளர்ச்சியை எடுத்துரைக்க வேண்டும். பகுதிநேர ஆய்வுக்கு இடமுண்டு. தொலைநிலை வழியில் முனைவர்பட்டத்திற்கு இடமில்லை.

முதுகலை வகுப்புகளைப் பொறுத்தமட்டில், குறித்த காலத்திற்குள் முடிக்க இயலாதவர்க்கு மேலும் இரண்டாண்டும், சிறப்புச் சூழலில் இன்னும் ஓராண்டும் தரலாம் என மானியக் குழு 2015இல் வழிகாட்டிற்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுகலையை நான்காண்டு வரையில் பயிலலாம். அரியர் வைத்துத் தடுமாறும் மாணாக்கருக்கு இவை போதிய அவகாசமே எனலாம். சிக்கல் எழுவது ஆய்வுப்பட்டத்தில்தான்.

2. எல்லையின் நியாயம்

கால எல்லையே வேண்டாம் என்று வாதிடுதல் பொருந்தாது. எல்லை வகுத்தமைக்கு நல்ல காரணங்கள் உள. ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் எட்டு ஆய்வாளரையும், இணைப்பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப்பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே நெறிப்படுத்தலாம். ஒருவர் பதிவு செய்துவிட்டு எழுதாமல் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழிப்பாராயின், அவ்விடத்திற்காகக் காத்திருக்கும் ஏழை மாணாக்கர் ஒருவருக்கு வாயில் அடைபடுகிறது. எல்லையற்ற காலம் மாணாக்கரை நெறியாளரின் விருப்பு வெறுப்புக்கு அடிமையாக்கவும் கூடும். ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணமும் சிறு தொகையன்று. இவற்றையெல்லாம் நோக்கும்போது, காலவரையறை மாணாக்கருக்கே காப்பாக அமைகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனவே நம் வினா, எல்லை வேண்டுமா என்பதன்று. அவ்வெல்லை எதனை அளவுகோலாகக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதே.

3. ஒழுங்குமுறை காணும் மாணாக்கர்

ஒழுங்குமுறை நாட்காட்டியை எண்ணுகிறது, உழைப்பை எண்ணவில்லை. முழுநேர ஆய்வாளருக்கும் பகுதிநேர ஆய்வாளருக்கும் அது ஒரே ஆறாண்டையே விதிக்கிறது. எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். வாரத்தில் ஐந்து நாள் உழைத்து மூன்றாண்டில் முடிக்கத்தக்க ஒரு பணியை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் உழைக்க இயன்றவர் முடிப்பதற்கு ஏழரை ஆண்டு வேண்டும். அவர் சோம்பேறியல்லர், தமக்குக் கிடைத்த நாளை வீணாக்கியவரும் அல்லர். ஆயினும் ஆறாம் ஆண்டின் முடிவில், தவறிழைத்தவரைப் போல அவர் மறுபதிவு கோரி மனு எழுத நேரிடுகிறது. அவர் உழைப்பின் இயல்பான அளவு விதியின் பார்வையில் தாமதம் ஆகிறது. பகுதிநேரம் என்ற பெயரை இசைந்த ஒழுங்குமுறை, அதற்குரிய காலத்தை இசையவில்லை. இதுவே இவ்விதிகளின் அடிப்படைக் குறை என்பது என் துணிபு.

கோவில்பட்டி வட்டாரம் இக்குறையைத் தெளிவாகக் காட்டுகிறது. இங்கு நிலம் வானம் பார்த்த கரிசல். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசியும் பருத்தியும் சோளமும் கம்பும் மக்காச்சோளமும் விதைப்பர். மழை தவறினால் மறுபடி விதைக்க வேண்டும்; சில ஆண்டுகளில் விதைத்தது அத்தனையும் கருகும். நிலமில்லாதோர்க்குத் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் பஞ்சாலையும் வாழ்வளித்து வந்துள்ளன. இத்தகைய குடும்பத்தில் முதற்பட்டதாரியாகத் தோன்றும் ஒருவர், முதுகலை முடித்ததும் தனியார் பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியில் அமர்ந்தாக வேண்டும். அவருடைய படிப்பு குடும்பத்தின் மற்றச் செலவுகளுக்குப் பின்னரே இடம் பெறும்.

1966இல் தொடங்கிய கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி போன்றவை இவர்களுக்குப் பட்டப்படிப்பை ஊருக்கே கொண்டுவந்தன. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் நிறுவப்பட்டபின் பல்கலைக்கழகமும் சற்று அருகில் வந்தது. எனினும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவைப் பேருந்தில் கடந்து குழுவின்முன் நிற்பதற்கு ஒரு நாள் விடுப்பு வேண்டும். அந்த நாளின் ஊதியமும் போகலாம். பருவந்தோறும் நிகழும் அச்சந்திப்பு விதைப்பு நாளில் விழுந்தால், குடும்பத்தின் ஓராண்டுப் பிழைப்புக்கும் ஆய்வுக்கும் இடையே அவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

4. தடையின்மைச் சான்றிதழ்

பகுதிநேர ஆய்வாளர் தாம் பணியாற்றும் நிறுவனத்தின் அதிகாரியிடமிருந்து தடையின்மைச் சான்றிதழ் பெற்றுவர வேண்டும். அச்சான்று மூன்று செய்திகளைக் கூற வேண்டும்: அவர் பகுதிநேரமாகப் பயில இசைவு உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் செலவிட அவர் பணி இடந்தரும், வேண்டுமாயின் பாடப்பயிற்சியை முடிக்க அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

இவ்விதியின் நோக்கம் நன்று. பயிலவே நேரமில்லாத ஒருவர் பெயரளவில் பதிவு செய்வதை இது தடுக்கிறது. ஆனால் இவ்விதி காணும் உழைப்பாளி, முத்திரையும் மடல்தாளும் உடைய ஓர் அலுவலகத்தைச் சார்ந்தவர். தம் நிலத்தைத் தாமே உழுபவரும், சிறு கடை நடத்துபவரும், நாட்கூலிக்குச் செல்பவரும் யாரிடம் சான்று பெறுவர்? ஒழுங்குமுறை இதுபற்றி வாய்திறக்கவில்லை. தனியார் பள்ளியில் ஒப்பந்த ஊதியத்தில் பணிபுரியும் ஆசிரியையின் நிலையோ இன்னும் இக்கட்டானது. பாடப்பயிற்சிக்கு விடுவிப்போம் என்று எழுதித் தருமாறு கேட்டால், நிர்வாகம் பணியிலிருந்தே விடுவித்துவிடுமோ என அவர் அஞ்சுவது இயல்பே. நேரம் இருக்கிறதா என்பதை அறியக் கேட்ட சான்று, நடைமுறையில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையே அறிவிக்கிறது.

5. பெண்களும் இடைப்படியும்

பெண்களுக்குக் கூடுதல் இரண்டாண்டும், ஆய்வுக்காலம் முழுவதிலும் 240 நாள் வரையில் மகப்பேற்று விடுப்பும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் வழங்கியமை பாராட்டத்தக்கது. திருமணத்தாலோ பிற காரணத்தாலோ வேறூருக்குக் குடிபெயரும் பெண், தம் ஆய்வுத் தரவுகளை வேறொரு நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்ள இடந்தந்திருப்பது அதனினும் சிறந்தது. நம் நாட்டுப் பெண்டிரின் வாழ்வை அறிந்தவர் கைபட்ட விதி அது. எனினும் நீட்டிப்பு இறுதியில் வருகிறது. இடைஞ்சலோ நடுவில் நேரிடுகிறது. மாமியாரைப் பராமரிக்க ஓராண்டு ஆய்வை நிறுத்திய பெண்ணுக்கு அவ்வாண்டு ஓடிக்கொண்டே இருக்கும். மேலும் பராமரிப்பு என்பது பெண்ணின் கடமை மட்டுமே என்னும் எண்ணம், ஆண்களுக்கு அத்தகைய விடுப்பைப் பற்றி ஒன்றும் கூறாத இவ்விதியின் பின்னே நிற்கிறது.

எம்.பில். பட்டத்தை இவ்வொழுங்குமுறை நிறுத்திவிட்டதையும் கருத வேண்டும். அப்பட்டத்தின் தரம் பல இடங்களில் தாழ்ந்திருந்தது உண்மையே. ஆயினும் சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதி, தமக்கு ஆய்வு இயலுமா என்று சோதித்துப் பார்க்க அது ஒரு படியாக இருந்தது. இடையில் நிற்க நேர்ந்தவர்க்கும் கையில் ஒரு பட்டம் இருந்தது. இப்போது முதுகலையிலிருந்து நேரே ஆறாண்டுப் பணியில் இறங்க வேண்டும். 2024 முதல் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை நடத்தலாம் என்றும் மானியக் குழு அறிவித்தது. ஊர்தோறும் நுழைவுத் தேர்வு எழுதும் அலைச்சல் இதனால் குறையலாம். ஆனால் பயிற்சி நிலையங்களற்ற சிற்றூர் மாணாக்கரின் நிலை கடினமாகும்.

6. கரிசல் தரும் சான்று

அறிவு முதிர்வதற்கு எத்தனை ஆண்டு வேண்டும்? இவ்வினாவிற்குக் கோவில்பட்டி வட்டாரமே ஒரு விடை வைத்திருக்கிறது. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் கல்லூரி வாயிலை மிதியாதவர், விவசாயியாக வாழ்ந்தவர். தம் மக்களின் சொற்களைத் திரட்டி 1982இல் கரிசல் வட்டாரத்துக்கென ஒரு வழக்குச் சொல்லகராதியை அளித்தார். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காற்றியலுக்காக அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. கூட்டுறவுத் துறையில் அலுவலராயிருந்த பூமணி, 1895ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலவரம் உள்ளிட்ட இவ்வட்டார வரலாற்றை ஆவணங்களில் தேடி எழுதிய 'அஞ்ஞாடி' 2014இலும், பஞ்சாலைத் தொழிலாளியாயிருந்த சோ. தர்மன் கண்மாய்களின் அழிவைக் கூறும் 'சூல்' 2019இலும் சாகித்திய அக்காதெமி விருது பெற்றன.

இவை பட்டத்திற்காக எழுதப்பட்டவை அல்ல. புதினத்தையும் ஆய்வேட்டையும் ஒன்றாக்குவதும் முறையாகாது. ஆயினும் ஓர் உண்மை இங்கு மறுக்கவொண்ணாதது. தொழில் செய்துகொண்டே பல்லாண்டு திரட்டிய அறிவு, வேறு எவரும் தர இயலாத அறிவாக அமைந்தது. அத்தகையோர் ஆய்வுத்துறைக்குள் வர விரும்பினால், அவர்களுடைய தொழில் தடையாகக் கருதப்படலாகாது. அது ஆய்வுக்குத் தரும் பங்களிப்பாகவே மதிக்கப்பட வேண்டும்.

7. செய்யத்தக்கவை

முதலாவது, பகுதிநேர ஆய்வுக்கு எட்டாண்டை மனுவின்றி, உரிமையாக வழங்க வேண்டும். ஆறாண்டு கடந்த ஆய்வாளரை நெறியாளரின் எண்ணிக்கையில் சேர்க்காது விட்டால் புதியவர்க்கு இடம் தடைபடாது. இரண்டாவது, நோய், பராமரிப்பு, வறட்சி முதலிய காரணங்களுக்காக ஓராண்டு வரையில் கடிகாரத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஆண், பெண் இருபாலார்க்கும் வேண்டும். மூன்றாவது, சொந்தத் தொழில் புரிவோரிடம் தாமே எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்கலாம். நான்காவது, பாடப்பயிற்சியை அருகிலுள்ள ஆய்வு மையத்தில், விதைப்பும் அறுப்பும் அல்லாத மாதங்களில் முடிக்க வகை செய்யலாம்.

இவற்றைப் பல்கலைக்கழகங்களிடம் கேட்கும் நாம், நம்மையும் சோதித்தறிய வேண்டும். 1827ஆம் ஆண்டின் டேனிய அரச சாசனத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்ற செராம்பூர், பணியிலிருப்போரும் தம் இல்லத்திலிருந்தே பயிலத்தக்க இறையியல் படிப்புகளை ஏற்படுத்தியுள்ளது. உழைப்பவரின் கால அளவை நம் மரபு அறியாததன்று. ஆனால் ஆய்வில் சேர்ந்த சேகரகுருவுக்குத் தடையின்மைச் சான்று வழங்க வேண்டிய அதிகாரி நம் திருமண்டலமே ஆகும். பாடப்பயிற்சி முடியுமுன் அவரை நெடுந்தொலைவிலுள்ள சேகரத்திற்கு மாற்றுவது முறையா? கிராமச் சேகரத்தில் பல சபைகளைக் கண்காணிப்பவருக்கும் நகரத்தில் ஒரே சபையை மேய்ப்பவருக்கும் பயிலும் வாய்ப்பு சமமாக உண்டா? நம் பள்ளி நிர்வாகங்கள் தங்கள் ஆசிரியைகளுக்கு அச்சமின்றிச் சான்று வழங்குமா? இவ்வினாக்களுக்குத் திருமண்டலச் செயற்குழுக்கள் விடை கூற வேண்டும். தில்லியிலுள்ள மானியக் குழு கூற இயலாது.

ஓய்வுநாள் விதி மனிதரின் நன்மைக்காக ஏற்பட்டது என்பதை ஆண்டவர் விளக்கியமை நாம் அறிவோம். விதியை ஒழிக்க அவர் முற்படவில்லை. அது யாருக்காக என்பதை நினைவூட்டினார். ஆறாண்டு விதியையும் அவ்வாறே நோக்குவோமாக. சான்றிதழ் கோரி நம் மேசைக்கு வரும் அடுத்த விண்ணப்பத்தில் தாமதமின்றிக் கையொப்பமிடுவது இத்திறனாய்வினின்று நாம் இன்றே செய்யக்கூடிய முதற்செயல்.