எட்டில் ஒரு பங்கு

சித்திரப் படங்களால் பிரசித்தி பெற்ற வால்ட் டிஸ்னி, லாஸ் ஏஞ்சலீஸில் தம் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி 1950-இல் ஓட்டிய ஏழே கால் அங்குல அகலப் பாதைச் சிறு ரயிலில், என் மனத்தைக் கவர்ந்தது மனைவியின் பெயர் தாங்கிய எஞ்சின் அன்று. அதன் வாலில் வந்த கார்டு வண்டிதான். எட்டில் ஒரு பங்கு அளவில், மரத்தை இழைத்து அதைத் தம் கையாலேயே செய்தவர், குனிந்து எட்டிப் பார்த்தாலன்றிப் புலப்படாத உட்புறத்திலும் படுக்கைப் பலகைகளையும் உருண்டை வயிற்றுக் கணப்படுப்பையும் சிரத்தையுடன் அமைத்தார். எஞ்சினாவது புகையும் சப்தமுமாகக் குறைகளை மறைத்துவிடும். மர வண்டியிலோ, பொருத்து ஒரு மயிரிழை விலகினாலும், அசல் கணக்கில் எட்டு மயிரிழையாக அது காட்டிக்கொடுத்துவிடும். தச்சரைக் கேளுங்கள், சொல்வார். அந்த ரயிலில் முதல் மரியாதை, என் அபிப்பிராயத்தில், கடைசி வண்டிக்கே.