ஐயமும் அத்துவிதமும்: ஜொகூரிலிருந்து எழும் சில வினாக்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜொகூர் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற சமயச் சொற்பொழிவினைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வேதாந்தமே பொருள். உலகம் கனவு போன்றது, பிரமம் ஒன்றே மெய் என்று சொற்பொழிவாளர் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக விளக்கினார். முடிவில், ஐயம் இருப்பின் கேட்கலாம் என்றார். இத்தகைய அழைப்புகள் நம் அவைகளில் பெரும்பாலும் மரியாதை கருதியே விடுக்கப்படுவன; எவரும் கேட்பதில்லை. அன்று, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற முதிய அம்மையார் ஒருவர் எழுந்தார். "ஐயா, கனவுல அடிபட்டா முழிச்சதும் வலி போயிடுது. எனக்கு முழிச்சிக்கிட்டு இருக்கும்போதுதான் முழங்கால் வலிக்குது. ரெண்டும் ஒண்ணுன்னு எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்டார். சொற்பொழிவாளர் வடமொழிச் சுலோகம் ஒன்றை ஓதி, சாத்திரம் முடிவாகச் சொல்லிவிட்டது, பக்குவம் வந்தால் விளங்கும் என்றார். அவை கைதட்டியது. அம்மையார் அமர்ந்துவிட்டார்.

அந்த விடையைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், அந்த வினா யாருடைய வினா என்பதனை அறிந்திருந்தால் அவ்வாறு விடை கூற இயலாது என்பதனைச் சுட்ட விரும்புகிறோம். விழிப்பும் கனவும் ஒருநிகரானவை என்பது மாண்டூக்கிய காரிகையின் இரண்டாம் பிரகரணத்தில் கௌடபாதர் நிறுவ முற்படும் கருத்தாகும். அவர் வழிவந்த சங்கரரோ, பிரம்மசூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் பௌத்த விஞ்ஞானவாதியை மறுக்குமிடத்து, விழிப்பு கனவைப் போன்றதன்று எனத் தெளிவாகவே வேறுபடுத்துகிறார். கனவில் கண்டது விழித்ததும் பொய்யென நீக்கப்படுகிறது. விழிப்பில் கண்ட தூண் அவ்வாறு எந்நிலையிலும் நீக்கப்படுவதில்லை என்பது அவர் காட்டும் வேறுபாடு. அம்மையார் தம் முழங்காலைக் கொண்டு கூறியதும் இதுவே. அத்துவித மரபின் இருபெரும் ஆசிரியர்க்கிடையே உள்ள இவ்வேறுபாட்டினை எவ்வாறு பொருத்திக் காண்பது என்பது குறித்துப் பிற்கால உரையாசிரியர் பலரும் எழுதியுள்ளனர். பிராதிபாசிகம், வியாவகாரிகம், பாரமார்த்திகம் என மெய்ம்மையை மூன்று தளங்களாகப் பகுத்ததும் இத்தகைய இடர்ப்பாட்டினைத் தீர்ப்பதற்கேயாகும். எனவே அவர் எழுப்பியது பக்குவமின்மையால் எழுந்த ஐயமன்று. மரபின் நடுவிலேயே நிற்கும் வினா.

அத்துவிதத்தை ஐயத்திற்கு அப்பாற்பட்ட சாத்திர முடிபாக மட்டும் முன்வைப்போர் சங்கரரைத் துணைக்கழைப்பது வழக்கம். இவ்விடத்துச் சற்று நின்று நோக்குதல் நன்று. பிரம்மசூத்திர பாஷ்யத்தின் தோற்றுவாய் வேத மேற்கோளுடன் தொடங்கவில்லை. 'நான்' என்பதும் 'நீ' என்பதும் ஒளியும் இருளும் போல முரண்பட்டவையாயிருக்க, மனிதர் ஒன்றன் இயல்பை மற்றொன்றின்மீது ஏற்றுவது எவ்வாறு என்ற அனுபவ ஆய்வுடனேயே அது தொடங்குகிறது. 'அத்தியாசம்' என வழங்கும் அப்பகுதியில், காட்சி முதலிய அளவைகளும் சாத்திரங்களும் அறியாமையுடையோனைச் சார்ந்தே இயங்குகின்றன என்று அவர் கூறிவிடுகிறார். கீதை பாஷ்யத்தின் இறுதி அத்தியாயத்தில் இன்னும் ஒருபடி மேற்சென்று, நெருப்பு குளிர்ந்தது என நூறு சுருதிகள் கூறினும் அவை அளவையாகா என்கிறார். அதே வேளையில் நடுநிலை தவறாது மறுபுறமும் நோக்க வேண்டும். பிரமத்தைத் தருக்கத்தால் மட்டும் நிறுவிவிட முடியாது. தருக்கத்திற்கு நிலைபேறு இல்லை என்பதும் சங்கரரின் உறுதியான நிலைப்பாடே. வெல்வதற்காகக் கேட்கப்படும் வினாவை இம்மரபு விதண்டை எனப் பெயரிட்டு ஒதுக்கும். அறிவதற்காகக் கேட்கப்படும் வினாவுக்கோ கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்னும் படிநிலையில் நடுவிடத்தை அளிக்கும். நம் அவைகளில் கேட்டல் உண்டு. சிந்தித்தலைத் தாண்டி நேரே தெளிதலுக்குச் சென்றுவிடுகிறோம். அல்லது சென்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

ஜொகூருக்கு இப்பொருளில் தனித்ததோர் இடமுண்டு என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. பிற்காலத்தில் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் என உலகறிய விளங்கியவர், மருத்துவர் குப்புசாமியாக 1913இல் மலாயா வந்தார். சிரம்பானுக்கு அண்மையிலிருந்த தோட்ட மருத்துவமனையில் ஏறத்தாழ 7 ஆண்டுகளும், பின்னர் ஜொகூர் பாருவில் ஏறத்தாழ 3 ஆண்டுகளும் பணியாற்றினார். 1887இல் திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் பிறந்த அவர், மலாயா வருவதற்கு முன்பே 1909இல் 'அம்புரோசியா' என்னும் மருத்துவ இதழைத் தொடங்கியவர். அவர் ஜொகூர் பாருவில் வாழ்ந்த காலத்தில் நீரிணையைக் கடக்கும் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1911இல் எழுந்த இராஜமாரியம்மன் ஆலயம் அப்போது நகரில் நிலைபெற்றிருந்தது. மலாயாவில் தம்மிடம் சிகிச்சை பெற்ற சாது ஒருவர் அளித்த 'ஜீவ பிரம்ம ஐக்கியம்' என்னும் நூலே தம்மை ஆன்மிகத்தின்பால் திருப்பியது என்று அவர் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். சுவாமி சச்சிதானந்தர் இயற்றிய அந்நூலின் பெயரே அதன் பொருளைச் சொல்லிவிடும். 1923இல் பணியைத் துறந்து தாயகம் திரும்பிய அவர், 1924 ஜூன் திங்கள் முதல் நாள் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். தெய்வீக வாழ்க்கைச் சங்கம் 1936இல் தோன்றியது. இன்று பத்துமலையிலுள்ள சிவானந்த ஆசிரமத்தை அறிந்த மலேசியத் தமிழரிற் பலர், அதன் மூலவர் நம் ஜொகூர் மண்ணில் நோயாளிகளின் நாடி பார்த்தவர் என்பதை அறியார்.

அக்காலத் தோட்டப்புற மக்களை வாட்டியவை மலேரியா, வயிற்றுக் கடுப்பு, கொக்கிப்புழு முதலியன. உடம்பு பொய் என்னும் கொள்கையை ஏற்கத் தொடங்கிய ஒருவர், அவ்வுடம்பின் காய்ச்சலுக்கு நாள்தோறும் கொயினா கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதில் ஒரு முரண் உண்டு. சிவானந்தர் அம்முரணைத் தருக்கத்தால் தீர்க்கவில்லை. வாழ்ந்து தீர்த்தார் எனலாம். அவரது இயக்கத்தின் குறிக்கோள் வாசகத்தில் சேவையே முதற்சொல்லாகவும், உணர்தல் இறுதிச்சொல்லாகவும் அமைந்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. ஆயினும் அவருடைய நூல்களைத் திறனாய்வு நோக்கில் அணுகும்போது ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட அவர் நூல்களிற் பெரும்பாலானவை ஏவல் நடையில் இயங்குவன. இதைச் செய், இதைத் தவிர், இத்தனை மணிக்கு எழு, இத்தனை முறை உரு ஏற்று என அவை வரிசைப்படுத்திச் செல்லும். மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டினைப் படிப்பது போன்ற உணர்வே ஏற்படுகிறது. நோயாளிக்குச் சீட்டு வேண்டும்தான். ஆனால் முழங்கால் வலியைக் காட்டித் தத்துவம் கேட்கும் அம்மையார்க்கு அது போதுமா?

சிவானந்தர் தம் குடியை அப்பைய தீட்சிதர் மரபினதாகக் கூறிக்கொண்டவர். 16ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த அத்தீட்சிதரின் 'சித்தாந்தலேச சங்கிரகம்' முற்றிலும் வேறுவகை நூல். சீவன் ஒன்றா பலவா, அறியாமை எதனைச் சார்ந்து நிற்பது என்பன போன்ற அடிப்படை வினாக்களில் அத்துவிதிகள் தமக்குள்ளேயே எவ்வாறு மாறுபட்டனர் என்பதைத் தொகுத்துக் காட்டுவதே அதன் பணி. அத்துவிதம் என ஒரே முடிந்த முடிபு உண்டு என்போர் அந்நூலின் முதற்பகுதியைப் படித்தாலே போதும்.

தமிழில் இவ்வினா மரபு இன்னும் எளிதாய்க் கைக்கெட்டும் இடத்தில் உள்ளது. தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் இரண்டே படலங்களை உடையது. முதலாவது தத்துவ விளக்கப் படலம்; இரண்டாவது சந்தேகந் தெளிதற் படலம். முதற் படலத்தில் உபதேசம் முடிந்துவிடுகிறது. மாணவனும் அனுபவம் பெற்றுவிடுகிறான். நூல் அத்துடன் நிறைவடைந்திருக்கலாம். ஆனால் அதே மாணவன் திரும்பவும் கேட்கத் தொடங்குகிறான். ஆன்மா ஒன்றேயாயின் ஒருவர் அறிந்ததை ஏனையோர் அறியாதிருப்பது ஏன் என்பது போன்ற வினாக்களை அடுக்குகிறான். ஆசிரியர் சினக்கவில்லை, பக்குவமில்லை என்று ஒதுக்கவுமில்லை. நூலின் ஒரு பாதியையே ஐயத்திற்கென ஒதுக்கிய இவ்வமைப்பு நமக்குப் பெருவியப்பை அளிக்கிறது. கார்ல் கிரவுல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1850களில் லைப்சிக்கு நகரில் இந்நூலை மொழிபெயர்த்து வெளியிட்டார். நம் சமய வகுப்புகளிலோ இதன் பெயரைக்கூட அரிதாகவே கேட்கிறோம்.

சைவ சித்தாந்தச் சார்புடைய நம் ஆலயச் சூழலில் வேதாந்தம் பேசுவதே பொருந்துமா என்று வினவுவோர் உளர். அவர்தம் வினாவும் நேர்மையானதே. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மாயாவாதத்தை மறுத்தார். ஆனால் மறுப்பதற்கு முன் மாயாவாதியின் கூற்றை அவன் வாய்மொழியாகவே எடுத்துரைக்க இடம் தந்தார். எதிர்க்கட்சிக்கு முதலிற் பேச இடமளிக்கும் இந்நாகரிகம் இரு மரபுக்கும் பொதுச் சொத்து. இதனை இழந்தபின் எஞ்சுவது பட்டிமன்றமே.

இனி, இக்கட்டுரைக்கு அடிப்படையான செய்திக்கு வருவோம். வினவும் உரிமை தத்துவ அழகு பற்றியது மட்டுமன்று. யார் உள்ளே வரலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. மேலே நாம் போற்றிய அதே பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முதல் அத்தியாயத்தில் அபசூத்திராதிகரணம் என்றொரு பகுதி உண்டு. நான்காம் வருணத்தார்க்கு வேதவழிப் பிரம ஞானத்தில் அதிகாரமில்லை என்று சங்கரர் அங்குச் சாத்திர மேற்கோள்களால் நிறுவுகிறார். இதிகாச புராணங்களைக் கேட்கும் உரிமை நால்வர்க்கும் உண்டு என்றும், விதுரர் போன்றோர் முற்பிறப்பின் பயனால் ஞானம் பெற்றனர் என்றும் விலக்கு அளிக்கிறார். எல்லாம் ஒன்று என்ற கொள்கையும், எல்லார்க்கும் இல்லை என்ற விதியும் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன. காசியில் வழிமறித்த சண்டாளனை விலகச் சொன்னபோது, விலக வேண்டியது உடலா ஆன்மாவா என அவன் கேட்டதாகவும், சங்கரர் அவனைக் குருவென வணங்கியதாகவும் வழங்கும் கதையை நம் சொற்பொழிவாளர்கள் விரும்பிச் சொல்வர். அதிகரணத்தைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை என்பது நம் கருத்து.

ஜொகூர்த் தோட்டங்களின் லயங்களில் வந்து குடியேறிய நம் முன்னோருள் கணிசமானோர் அந்நான்கு வருணத்திற்கும் புறம்பானவர் என ஒதுக்கப்பட்ட சாதியினர். சாத்திரமே முடிவு என்றால், அவர்தம் பேத்தி அவையில் எழுந்து நின்று அத்துவிதத்தைப் பற்றி வினவும் உரிமையே அற்றவராகிறார். நம்பு என்று அவருக்குச் சொல்பவர், எதனை நம்பச் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு விடையாக அமைந்த நிகழ்வு தமிழகத்திலேயே உண்டு. தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றிய, தத்துவம் பயின்ற பட்டதாரியான சிவப்பிரகாசம் பிள்ளை, 1902ஆம் ஆண்டளவில் அலுவல் காரணமாகத் திருவண்ணாமலை சென்றார். விரூபாட்சக் குகையில் பேசாதிருந்த இளந்துறவி இரமணரிடம் அவர் தமிழில் கேட்டார். இரமணர் தமிழில் எழுதிக் காட்டினார். அவ்வினா விடைகளே 1923இல் முதன்முதலாக வெளிவந்த 'நான் யார்?' சிவானந்தர் ஜொகூர் பாருவை விட்டு நீங்கியதும் அவ்வாண்டே என்பது தற்செயல் ஒற்றுமை. அங்கு வினவியவரின் வருணம் கேட்கப்படவில்லை. வடமொழி அறிவு கேட்கப்படவில்லை. நூலின் தலைப்பே ஒரு வினா. ஆன்மாவை உடலுக்கும் மனத்துக்கும் உள்ளே தேட வேண்டியிருக்க, புறத்தேயுள்ள நூல்களில் தேடுவது பயனற்றது எனவும், கற்றவை யாவும் ஒரு காலத்தில் மறக்கப்பட வேண்டும் எனவும் அதில் இரமணர் கூறுவது, சாத்திர வல்லார்க்கும் அல்லார்க்கும் ஒரே வாயிலைத் திறந்துவிடுகிறது. எனினும், இன்று 'நான் யார்?' என்பதையும் விடை தெரிந்த வினாவாக்கி, 'நான் பிரமம்' என ஒப்பிக்கும் வழக்கம் நம்மிடையே பரவி வருவதைக் காண்கிறோம். விசாரணை மந்திரமாகிவிட்டால் அதுவும் சாத்திரமே.

அச்சொற்பொழிவிற்குப் பின் சில மாதங்கள் கழித்து, அதே ஊரில் ஒரு சிறு வாசகர் வட்டம் கூடியது. எழுவரோ எண்மரோ இருந்தோம். கைவல்லிய நவநீதத்தை எங்கிருந்து தொடங்குவது என்ற பேச்சு எழுந்தபோது, இரண்டாம் படலத்திலிருந்தே தொடங்கலாம் எனக் கூறினோம். அந்த அம்மையாரும் வந்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடியவர். நூலைச் சிறிது நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, தாம் கேட்ட வினா இதில் எத்தனையாவது பாட்டில் வருகிறது என்று வினவினார். இதில் அவ்வாறே வரவில்லை, வேறு நூல்களில் வருகிறது என்றோம். "அப்ப இதுலயும் எழுதிக்கிறலாம்" என்று சொல்லி, ஓரத்தில் எழுத ஒரு பென்சில் கேட்டார்.