கித்தேரியம்மாள் அம்மானை: மதிப்பீட்டு அளவுகோல் குறித்து

புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு வீரமாமுனிவர் (1680–1747) 3615 பாடல்களில் இயற்றிய தேம்பாவணி பெற்ற திறனாய்வுக் கவனத்தை, கன்னி மறைசாட்சி ஒருவரைப் பாடும் அவரது கித்தேரியம்மாள் அம்மானை பெறவில்லை. எளிய நடையையும் கூறியது கூறலையும் இதன்கண் குறையெனக் கொள்வது காப்பிய அளவுகோலால் நேரும் பிழையாகும். அம்மானை, மகளிர் காய்களை எறிந்து பிடித்தாடும் விளையாட்டினின்று கிளைத்த இசைவடிவம். அதில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் பாடுவோர் மூச்சுக்கும் கேட்போர் நினைவுக்கும் துணைசெய்வன. விசுவாசத்திற்காக உயிர்நீத்த பெண்ணின் வரலாற்றைப் பெண்டிர் பாட்டுவடிவில் அமைத்தது பொருத்தமான தேர்வு. எழுத்தறியாதாரும் செவிவழி ஏற்கத்தக்கது. எனவே அச்சுப்பனுவலை மட்டும் கொண்டு இதன் தரத்தை வரையறுத்தல் இயலாது. 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தின் பங்குகளில் புனிதர் பாடல்களைக் களஆய்வு செய்வோர்க்கும் இது பொருந்தும்: சொல்லோடு மெட்டும் பதிவுபெறல் வேண்டும்.