மறுபடி பார்க்கப்போவதில்லை

ஆன்லைன் விளையாட்டு கூட்டு முயற்சியைக் கற்றுத்தருகிறது என்ற வாதத்துக்கு இப்போது சட்டத்தின் தெம்பும் கிடைத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடுத்தது, இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றது. உடனே, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் திண்ணையில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பையன்வரை எல்லோரும் ‘டீம் ஸ்பிரிட்’ பயில்கிறார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற ரோல்-பிளேயிங் கேம்களின் டன்ஜனில் (பலர் சேர்ந்து எதிரிகளோடு மோதும் பாதாளக் களம்) அடி தாங்க ஒரு டேங்க், உயிரூட்ட ஒரு ஹீலர், தாக்க மூவர் என ஐந்து பேர் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். சாதியோ ஊரோ அங்கே யாரும் விசாரிப்பதில்லை. ஃபைனல் ஃபேன்டசி 14-ல் குழுவில் புதியவர் இருந்தால் எல்லோருக்கும் கூடுதல் பரிசு உண்டு; அருமையான ஏற்பாடு.

என் புகார் பழையது. 2009 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், தானாகவே குழு சேர்த்துத்தரும் ‘டன்ஜன் ஃபைண்டரை’க் கொண்டுவந்தது. அதற்கு முன்பு சாட்டில் கூவி ஆள் சேர்க்க வேண்டும், டன்ஜன் வாசல்வரை போய்ச் சேர வேண்டும். பெரிய தொல்லைதான். ஆனால் கிடைத்ததைப் பங்கிடும்போது தனக்கு உதவாத பொருளுக்கு ‘நீட்’ (எனக்கு வேண்டும்) அழுத்திச் சுருட்டியவன் பெயர் சர்வர் முழுக்க நாறும். அடுத்த முறை அவனைச் சேர்க்க ஆள் இருக்காது. ஃபைண்டர் வெவ்வேறு சர்வர்க்காரர்களை நொடியில் கூட்டியது, ஆட்டம் முடிந்ததும் கலைத்தது. கெட்ட பெயருக்குப் பயப்பட வேண்டிய அவசியமே போயிற்று.

விளைவைப் பாருங்கள். மேனா (மந்திர சக்தி) தீர்ந்த ஹீலர் தண்ணீர் குடிக்க உட்கார்கிறார். டேங்க் நிற்பதில்லை, ஓடிப்போய் அடுத்த கூட்டத்தையும் இழுத்துவிடுகிறார். எல்லோரும் சாகிறார்கள். சாட்டில் விழும் முதல் வார்த்தை ‘நூப் ஹீலர்’ (கத்துக்குட்டி ஹீலர்). அடுத்து, அவரை வெளியேற்ற ஓட்டு. மற்றவர்கள் என்ன நடந்தது என்றுகூடக் கேட்காமல் சம்மதம் அழுத்துகிறார்கள். வாதாடினால் நேரம் போகும், வேறு ஹீலர் வந்துவிடுவார்.

அதே காஞ்சிபுரத்தின் தறியில் கதை வேறு. உடலும் கரையும் வேறு நிறமான கோர்வைச் சேலை நெய்யும் தறியில் மூன்று நாடா ஓடும். எதிர்க்கரை நாடாவை எறிய இன்னொருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவர் கை தவறினால் நெசவாளி தறியை நிறுத்திச் சொல்லித்தரத்தான் வேண்டும். நாளைக்கும் அதே சேலை, அதே ஆள். (அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர்களை உட்காரவைத்தது தனிப் பாவம்.)

வார்கிராஃப்டை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனத்துக்கும் இந்தச் சிக்கல் தெரியும். அது 2022-ல் நன்னடத்தைக்கான ‘சமூக ஒப்பந்தம்’ ஒன்றை ஆட்டக்காரர்கள் முன் நீட்டிச் சம்மதம் வாங்கியது. 2024 ஜனவரியில் இன்னொரு வழி திறந்தது: கணினியே நடத்தும் நான்கு துணைவர்களோடு டன்ஜனுக்குள் போய்வரலாம். அவர்கள் திட்டுவதில்லை, ஓட்டுப் போட்டுத் துரத்துவதில்லை. புதியவர் நிம்மதியாகப் பழக வேண்டுமானால் சக மனிதர்களை அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த நாலு பேரோடு ஆடுகிறவர்களிடமும், வருஷக்கணக்கில் ஒரே கில்டில் (நிலையான ஆட்டக்காரர் சங்கம்) இருப்பவர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை. ரேண்டம் குழுவில் ஆடுவதற்கு ஒழுக்கச் சான்றிதழ் கொடுக்க வருகிறவர்கள், முதலில் ஒரு மாதம் புது ஹீலராக ஆடிவிட்டு வரட்டும்.